எஞ்சின் ஒரு வண்டி, டேங்க் ஒரு வண்டி... ஆர்சி எந்த வண்டி?

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்றை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் சீக்கிரமே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். முழு வண்டி கிடைப்பது அபூர்வம். துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். மதுரை திலகர் திடல் ஞாயிறு சந்தையில் ஒரு கார்ப்பரேட்டர், மேலூர்ப் பக்கம் உறவினர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு சேஸிஸ், சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வந்த ஒரு எஞ்சின். இதையெல்லாம் சேர்த்து, பெயின்ட் அடித்து, கிக்கரை மிதித்தால் அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அதுவரை சரி. அந்த வண்டி ஓடுமா, ஓடினாலும் அதை ரோட்டில் ஓட்டலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாகங்களை வாங்கும் முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டும். பலருக்குப் பணம் செலவான பிறகுதான் தெரிகிறது.

இன்னும் ஏன் இந்த மவுசு?

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து ஆர்எக்ஸ் 100-ஐ இந்தியாவில் இறக்கியது 1985-ல். 98 சிசி, சுமார் 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சுற்றித்தான் எடை. எடைக்கேற்ற சக்தி என்பதால் ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் வண்டி துள்ளும். புகை விதிகள் இறுகிய 1996-ல் அதன் தயாரிப்பு நின்றது. அதன் தம்பியான ஆர்எக்ஸ் 135, கேட்டலிடிக் கன்வர்ட்டர் மாட்டிக்கொண்டு 2005 வரை தாக்குப்பிடித்தது.

இதே வரிசையில் 347 சிசி இரட்டை சிலிண்டரோடு வந்த ராஜ்தூத் 350, மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி ஆகியவற்றுக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. கிக்கரும் கியர் லிவரும் ஒன்றாகவே இருக்கும் யெஸ்டியைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

மதுரைக்கு டூ-ஸ்ட்ரோக் புதிதும் இல்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய குழுமத்திலிருந்துதான் 1980-ல் ஓசூர் தொழிற்சாலை வழியாக டிவிஎஸ் 50 வந்தது. காய்கறி மூட்டை, பால் கேன், கூடவே குடும்பம் என்று சுற்றுவட்டார கிராமங்களின் சுமையைப் பல வருடம் இழுத்தது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான்.

எளிமையான எஞ்சின்... ஏமாற்றும் எஞ்சின்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் முக்கியமாக அசையும் பாகங்கள் மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ள வால்வு, கேம் எதுவும் கிடையாது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அந்தத் துள்ளலுக்கு இதுவே காரணம்.

வால்வு இல்லாததால் அதன் வேலையை சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் செய்கின்றன. 'போர்ட்' எனப்படும் இந்தத் துளைகளின் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் எஞ்சினின் குணம் மாறும். சைலன்சரும் வெறும் புகைக்குழாய் கிடையாது. வெளியே போகும் புகையின் அழுத்த அலை அதில் மோதித் திரும்பி, எரியாமல் வெளியேறப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சத்தத்துக்காக வேறு சைலன்சர் மாட்டிய வண்டியில் 'முன்னாடி இருந்த இழுவை இல்லையே' என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

100-ல் 135-ஐ மாட்டினால்?

கலவை வண்டிகளில் அதிகம் கேள்விப்படுவது, ஆர்எக்ஸ் 100-ல் 135-ன் சிலிண்டரை மாட்டுவது. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஒன்றே: 50 மில்லிமீட்டர். சிலிண்டர் விட்டம்தான் வேறு. 100-க்கு 50 மில்லிமீட்டர், 135-க்கு 58. அதனால்தான் இந்த மாற்றம் சுலபம்போலத் தெரிகிறது.

ஆனால் தடித்த சிலிண்டர் உட்கார வேண்டுமென்றால் கிராங்க் கேஸின் வாயை லேத்தில் கடைய வேண்டும். கடைந்ததைப் பழையபடி ஆக்குவது கஷ்டம். பெரிய பிஸ்டனின் எடைக்கு ஏற்ப கிராங்க்கின் பேலன்ஸ் இல்லையென்றால் ஹேண்டில்பாரில் அதிர்வு தெரியும். கார்ப்பரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டால் பெட்ரோல் குறைந்து, காற்று கூடி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். வேகம் கூடினாலும் நிறுத்துவதற்கு இருப்பது 100-க்காகச் செய்த அதே டிரம் பிரேக்தான்.

அடுத்தது ஆயில். ஆர்எக்ஸில் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. பழைய பம்ப்பை நம்பாமல் கழற்றிவிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். சித்திரை வெயிலில், திருமங்கலம் நான்குவழிச் சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் போகும்போது இப்படி ஆனால் பின்சக்கரம் சட்டென்று நின்று வண்டி வழுக்கும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும். டூ-ஸ்ட்ரோக் ஓட்டுபவர்கள் கிளட்ச் லிவரில் எப்போதும் இரண்டு விரல் வைத்திருப்பது இதனால்தான்.

'ஆர்சி இருக்கா தம்பி?'

நல்ல மெக்கானிக் அண்ணன் என்றால் எஞ்சினைப் பார்க்கும் முன்பே இதைத்தான் கேட்பார். சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது ஆர்சி-யில் எழுதியிருப்பதுதான். சேஸிஸ் எண், எஞ்சின் எண், சிசி, தயாரித்த வருடம் எல்லாம் அதில் இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு ஆர்சி விவரம் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 98 சிசி என்று பதிவான வண்டியில் 132 சிசி சிலிண்டர் இருந்தால் அது இதற்குள் வரும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எஞ்சின் யாருடையது என்று தெரியாமல் இருப்பது. திருட்டு வண்டிகள் பிரிக்கப்பட்டு பாகங்களாகக் கைமாறுவது உண்டு. எண் ராவப்பட்ட எஞ்சினைச் சந்தேகத்துக்கு இடமிருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் திருட்டுப் பொருளைப் பெற்ற குற்றத்துக்கு ஆளாகலாம். தண்டனை மூன்று ஆண்டு வரை.

வயதானாலும் விண்டேஜ் ஆகாது

'பழைய வண்டிக்குத் தனிச் சலுகை இருக்கே?' என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை 'விஏ' எழுத்துள்ள எண்ணோடு விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது.

அறுபதுகளின் ஜாவாவோ ராஜ்தூத் 175-ஓ அசலாக இருந்தால் இன்றே தகுதி பெறும். 1985-ன் ஆர்எக்ஸ் 100-க்கு 2035 வரை காத்திருக்க வேண்டும். கிராங்க் கேஸைக் கடைந்த கலவை வண்டி அப்போதும் தகுதி பெறுவது கடினம்.

ஆரம்பிக்கும் முன்...

* முதலில் சேஸிஸையும் ஆர்சி-யையும் வாங்குங்கள். இரண்டிலும் எண் பொருந்தினால் மட்டும் மற்ற பாகங்களைத் தேடுங்கள்.

* டேங்க், சைடு கவர், மட்கார்டு, சீட் எந்த ஆர்எக்ஸிலிருந்து வந்தாலும் பெரிய வம்பில்லை. எஞ்சினை மாற்றுவதாக இருந்தால், வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். பில் இல்லாத எஞ்சின் வேண்டாம்.

* சிலிண்டர் தேய்ந்திருந்தால் பெரிய சிலிண்டருக்குத் தாவ வேண்டியதில்லை. போர் போட்டு 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். வண்டி அதே 100 ஆகவே இருக்கும்.

* அப்பா, தாத்தா பெயரில் உள்ள வண்டி மாடிப்படிக்கு அடியில் நின்றால், அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31-ல் பெயர் மாற்றம் செய்யுங்கள். 15 வருடம் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்ட வேண்டும்.

* கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிறகு ஒரு நாள் அவை தேவைப்படும்.

எஞ்சின் சீஸ் ஆனால் மறுபடி போர் போட்டு ஓட்டிவிடலாம். எண் பொருந்தாத ஆர்சி-யைச் சரிசெய்ய எந்த லேத் பட்டறையும் இல்லை.