காற்றுத் தூரிகையும் கைச்சேமிப்பும்

மூணாற்றில் மழை விடாது பெய்துகொண்டிருந்த ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில், தேயிலைத் தோட்டத் தொழிலாளியான ஒரு தாயும் அவருடைய 22 வயது மகனும் எங்கள் கிளையில் என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தனர். தொடர் வைப்புக் கணக்கை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மகனின் விருப்பம். கணக்கோ தாயின் பெயரில் இருந்தது. மாதம் 1,000 ரூபாய் வீதம் 36 மாதங்களுக்கான கணக்கு. 22 தவணைகள் செலுத்தியாகிவிட்டன.

“எதற்காக அம்மா இப்போது முடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“பொம்மைக்குப் பெயின்ட் அடிக்க மெசின் வாங்கணுமாம் சார்” என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்களது இசைவுடன், பெயர்களைத் தவிர்த்து, இந்நிகழ்வை இங்கே எழுதுகிறேன். சிறு சேமிப்புக்கும் பெருவிருப்பத்துக்கும் இடையிலான இந்த வழக்கு, வங்கி மேசையில் நாங்கள் அடிக்கடி காண்பது.

இளைஞன் தன் கைப்பேசியில் படங்களைக் காட்டினான். போடிமெட்டு வழியாகத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் ஒன்று. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சரக்குப் பெட்டி ஒன்று. அனைத்தும் கையால் வெட்டி ஒட்டிய சிறு மாதிரிகள். மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த அந்த ரயில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்துபோனது. அது ஓடிய ஊரில், அதை ஒருபோதும் கண்டிராத ஒருவன், அதை மீண்டும் செய்துகொண்டிருக்கிறான். கேரளத்தில் பேருந்து மாதிரிகள் செய்யும் இளைஞர்கள் பலர். இவனிடமும் குமுளியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் தம் சுற்றுலாப் பேருந்தைச் செய்து தரக் கேட்டிருந்தார். அதற்காகவே ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையும் கம்ப்ரசரும். விலை 18,500 ரூபாய்.

நான் சிரிக்கவில்லை. காரணம், என் வீட்டுப் பரணிலும் அத்தகைய கருவிகள் தூங்குகின்றன. வணிகவியல் மாணவனாக இருந்த காலத்தில் கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்கு மீட்டர் கேஜ் ரயிலில் சென்று வந்தவன் நான். பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை 2008இல் மூடப்பட்டு, 2015இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. நான் பயணித்த பெட்டியைச் சிறிதாகச் செய்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். மின்னேற்றம் செய்து கையில் பிடிக்கும் மலிவான தொகுப்பு ஒன்றை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். காற்றின் அழுத்தம் நிலைநிற்கவில்லை. குற்றம் துப்பாக்கியில்தான் என்றெண்ணி, மிக நுண்ணிய துளை கொண்ட வேறொன்றை 1,700 ரூபாய்க்கு வாங்கினேன். அது ஓயாமல் அடைத்துக்கொண்டது. பின்னர்ப் பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரை 1,500 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். பாதுகாப்பு வால்வு இல்லாத அதை இயக்கவே அஞ்சினேன். ஆக 5,500 ரூபாய். பெட்டி இன்றும் வண்ணமின்றி நிற்கிறது. பிறர் பணத்துக்குக் கணக்குப் பார்ப்பவன் தன் பணத்தில் செய்த பிழை இது.

‘சாதாரணத் தூரிகை போதாதா?’ என்று வாசகர் கேட்கக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். 1:76 அளவில் செய்யப்படும் மாதிரியில் இரண்டடி அகலத் தண்டவாளம் 8 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வண்ணப் பூச்சு அவ்வாறு சுருங்குவதில்லை. மாதிரியின்மீது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் பூசினாலும், உண்மை வண்டியில் அது 7.6 மில்லிமீட்டர் கனமான பூச்சுக்குச் சமம். ஆணித் தலைகளும் கதவு விளிம்புகளும் அதனடியில் மறைந்துபோகும். வண்ணத்தைப் பனிபோல் மெல்லிய படலங்களாகத் தூவுவதே காற்றுத் தூரிகையின் பயன். எனவே அவன் கேட்டது ஆடம்பரமன்று. அவன் தொழிலுக்கு உரிய கருவியே. ஆனால் அதை எவ்வாறு வாங்குவது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு இருந்தது.

என் கருத்து இது: குறைந்த பணம் உடையவர் துப்பாக்கியில் சிக்கனம் காட்டலாம்; காற்றில் காட்டக் கூடாது. சிறிய தொட்டியுடன் கூடிய கம்ப்ரசரே முதற்செலவு. தொட்டி இருந்தால் காற்று விட்டுவிட்டுத் துடிக்காமல் சீராக வரும். மோட்டாருக்கும் இடையிடையே ஓய்வு கிடைக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகட்டியும் அதில் இருத்தல் வேண்டும். பெரும்பாலான மாதிரி வேலைகளுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதுமானது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, விசையை அழுத்தினால் காற்றும் பின்னிழுத்தால் வண்ணமும் வரும் இரட்டைச் செயல் வகையையே வாங்குக. ஒற்றைச் செயல் வகை பழக எளிது. எனினும் வண்ணத்தின் அளவு விரலின் ஆட்சிக்குள் இராது. வண்ணக் கிண்ணம் மேலே அமைந்த வகை குறைந்த அழுத்தத்திலும் சில துளி வண்ணத்திலும் வேலை செய்யும். குப்பி கீழே தொங்கும் வகை பெரிய பரப்புகளுக்கு ஏற்றது. துளையின் அளவு 0.3 மில்லிமீட்டர் போதும். 0.2 நுண்கோடுகளுக்கு உரியது. பழகாத கையில் அது அடைத்துக்கொண்டே இருக்கும். முதற்பூச்சுக்கும் உலோக வண்ணத்துக்கும் 0.5 வசதியானது, அதைப் பின்னர் வாங்கலாம். வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “இதன் ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைக்குமா?” உதிரிபாகம் கிடைக்காத மலிவுப் பொருள், முனை வளைந்த அன்றே முழு நட்டமாகிவிடும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று, ஊரின் காற்று. மூணாற்று மழைக்காலத்தில் லாக்கர் வகை வண்ணம் தூவினால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெண்மையாக மூடுபனி பூத்துப்போகும். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியிலோ, கார்த்திகை முதல் மாசி வரை வீசும் வறண்ட கீழைக்காற்றில் வண்ணம் பரப்பை அடையும் முன்பே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும், புழுதியும் ஒட்டும். முன்னதற்கு மருந்து காத்திருத்தல். பின்னதற்கு, உலர்வைத் தாமதிக்கும் திரவம் சிறிது கலந்து, சன்னலை அடைத்து, கருவியை அருகில் பிடித்துத் தூவுதல். கருவியை மாற்றுவதால் இரண்டும் தீரா.

இன்னொன்றை அந்தத் தாயின் முன்னிலையிலேயே கேட்டேன். “தம்பி, எங்கே வைத்துப் பெயின்ட் அடிப்பாய்?” லயத்து வீட்டின் பின்னறையில் என்றான். அதை அடுத்தது அடுக்களை, விறகடுப்பு. தின்னரின் ஆவி தீப்பற்றக்கூடியது, நுரையீரலுக்கும் தீங்கானது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளை உறிஞ்சும் கரித்தட்டு பொருத்திய கவசம் வேண்டும். அவன் கொண்டுவந்த 18,500 ரூபாய்ப் பட்டியலில் விலையுயர்ந்த வெளிநாட்டுத் துப்பாக்கி இருந்தது, முகக்கவசம் இல்லை. அடுப்பு எரியும் வீட்டில் இந்த வேலை வேண்டாம் என்றும், திறந்த திண்ணையிலோ வேலை செய்யும் பட்டறையிலோ செய்யுமாறும் சொன்னேன்.

‘வாங்கினால் சிறந்ததையே ஒருமுறை வாங்கு’ என்பாரும் உண்டு, ‘விளையாட்டுக்குச் செலவா?’ என்பாரும் உண்டு. இருவரோடும் நான் உடன்படவில்லை. முதலாமவர் நடைமுறைச் செலவை மறந்துவிடுகிறார். கருவி முதலீட்டுச் செலவு. தின்னர், வண்ணம், உதிரிபாகம், துப்புரவு ஆகியவை மாதந்தோறும் தொடரும் வருவாய்ச் செலவு. கருவிக்கே கையிருப்பு முழுவதையும் கொடுத்தவர், கழுவத் தின்னர் வாங்கத் தயங்குவார். கழுவாத கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் ஒரு வாரத்தில் அடைத்துப்போகும். இரண்டாமவர், கைவினை எப்போது தொழிலாகிறது என்பதைக் கவனிப்பதில்லை. குமுளி ஓட்டுநர் முன்பணம் தர இசைந்த அன்றே அது விளையாட்டின் எல்லையைத் தாண்டிவிட்டது.

வைப்புத்தொகையின்மீது கடன் பெறலாம் என்பதையும் எடுத்துரைத்தேன். அது என் கடமை. ஆயினும் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணம் மகளின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்காகச் சேர்ந்தது. ஒரே ஓர் ஆணையை நம்பி, உடன்பிறந்தவளின் கட்டணத்தைப் பிணையாக வைப்பது முறையன்று. ஆணைகள் தொடர்ந்து வந்து, ஆறு மாத வரவு கணக்கில் தெரியும்போது, முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடனுக்கு அவனே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். “அன்றைக்கு நானே படிவம் எடுத்துத் தருகிறேன் தம்பி” என்றேன்.

வைப்புக் கணக்கு உடைபடவில்லை. முன்பணம் 4,000 ரூபாயும் பட்டறைக் கூலியில் மிச்சம் பிடித்ததுமாக, நான்கு மாதங்களில் அவன் வாங்கியவை: தொட்டிக் கம்ப்ரசர் 7,200, துப்பாக்கி 1,900, முகக்கவசம் 1,600, வண்ணமும் தின்னரும் துப்புரவுப் பொருள்களும் 1,300, மொத்தம் 12,000 ரூபாய். நூறு ரூபாயில் அறுபது காற்றுக்கு, பதினாறு துப்பாக்கிக்கு, எஞ்சியது உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும். சிறு கையிருப்பு உடையவருக்கு இந்தப் பங்கீட்டையே நானும் பரிந்துரைப்பேன்.

அவசரத்தில் ஐப்பசி மழையில் தூவிய முதல் ஜீப்பின் கூரை வெண்மை பூத்துக் கெட்டது. சுரண்டி எடுத்து மீண்டும் செய்தான். தை மாதத்து நடுப்பகல் வெயிலில் பேருந்துக்கு வண்ணம் ஏறியது. அதைக் குமுளிக்குக் கொண்டுபோகும் வழியில் கிளைக்கு எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தான். உடன் வந்த தாய், “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா சீட்டு முடியற வரைக்கும் கணக்கைத் தொட விடமாட்டேன்” என்றார். அவர் சொன்னதே சரி. அன்று மாலை வீடு திரும்பியதும் பரணில் கிடந்த என் பெட்டியை எடுத்துத் தூசு தட்டினேன். இம்முறை காற்றிலிருந்து தொடங்குவேன்.