கொஞ்சம் எழுந்திருங்க சார்

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது 'யங் அவெஞ்சர்ஸ்' கையில் மாட்டியது. தூசியைத் தட்டிவிட்டு உள்ளே வைத்திருக்கலாம். விதி யாரை விட்டது? நின்றபடியே முதல் பக்கத்தைப் புரட்டினேன். காப்பி ஆறிப்போச்சு, வீட்டில் திட்டு விழுந்தது, இப்போ வயிற்றெரிச்சல் வேற. இதை யாரிடம் சொல்ல? உங்களிடம்தான்.

புத்தகத்தைக் குறை சொல்லவே மாட்டேன். அருமையான புத்தகம். 2005-ல் மார்வெல் ஆரம்பித்த தொடர், பன்னிரண்டு இதழ். எழுதியவர் ஆலன் ஹைன்பெர்க், டிவி சீரியல் ஆள். படம் ஜிம் சியங். அவெஞ்சர்ஸ் கலைந்துபோன நேரம். பெரியவர்களில் சிலர் செத்தாச்சு, மிச்சப் பேர் ஆளுக்கொரு திசை. அந்தச் சந்தில் நாலு பையன்கள் நியூயார்க்கில் கிளம்புகிறார்கள், கேப்டன் அமெரிக்கா, ஹல்க், தோர், அயர்ன் மேன் சாயலில் உடுப்பு மாட்டிக்கொண்டு. அப்புறம் இரண்டு பெண்கள் சேர்கிறார்கள். பசங்க பேசினா பசங்க பேசுற மாதிரியே இருக்கும். காமிக்ஸில் அது எவ்வளவு அபூர்வம் தெரியுமா?

அயர்ன் மேன் சாயலில் வந்த அயர்ன் லாட் கதைதான் இதில் உயிர். எதிர்காலத்தில் வாழும் பதினாறு வயசுப் பையன் அவன். ஒரு நாள் ஒரு பெரிய மனுஷன் எதிரே வந்து, நீ வளர்ந்து ஆகப்போவது நான்தான் என்கிறான். யாரு? காங். காலத்தையே பந்தாடுகிற பெரும் வில்லன். பையனுக்குக் குலை நடுங்குது. கவசத்தை மாட்டிக்கொண்டு நம் காலத்துக்கு ஓடி வருகிறான், அவெஞ்சர்ஸ் காப்பாத்துவாங்கன்னு. வந்து பார்த்தால் கடை பூட்டியிருக்கு. கடைசியில் துரத்தி வந்த காங்கைத் தானே கொன்றும் விடுகிறான். உடனே வரலாறு குலைகிறது. சரிசெய்ய ஒரே வழி: அவன் திரும்பிப் போய், எந்த மனுஷனைப் பார்த்து ஓடி வந்தானோ அதே ஆளாக வளரணும்.

முதல் தடவை படித்தபோது நான் காலேஜ் முடித்த புதுசு. என்ன கொடுமைடா என்று உச்சுக் கொட்டினேன். இப்போ ஃபேன் சுத்துற காலி ரூமைப் பார்த்து நான் போடுற சத்தம் அச்சு அசல் எங்கப்பா குரல். அது வேற கதை.

நம்ம கதைக்கு வருவோம். கேப்டன் அமெரிக்காவும் அயர்ன் மேனும் வந்து இந்தப் பசங்களைக் கலைந்து போகச் சொல்கிறார்கள். ட்ரெயினிங் இல்லையாம், பெத்தவங்க சம்மதம் இல்லையாம். கேட் பிஷப் என்று ஒரு பெண். சக்தி எதுவும் கிடையாது, வில்வித்தையும் வாயும்தான். அவள் கேப்டனையே எதிர்த்துப் பேசுகிறாள். முடிவில் அந்த கேப்டனே, செத்துப்போன அவெஞ்சர் ஹாக்ஐயின் வில்லை அவளுக்கு அனுப்பிவைக்கிறார், பெயரோடு சேர்த்து. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு பெரியவர் ஒரு சின்னப் பெண்ணிடம் நாற்காலியைக் கொடுக்கிறார்! எங்க ஆபீஸில் நாற்பது தாண்டியும் நான் 'யங் டீம்'. அந்த ஏக்கம் எனக்குத்தானே தெரியும்.

கொடுத்தாங்களா? கொடுத்தாங்க. விட்டாங்களா? செத்த ஹாக்ஐ எழுந்து வந்துட்டார். இப்போ ஒரே பெயரில் ரெண்டு பேர். பஸ்ஸில் எழுந்து சீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் திரும்பி வந்து, 'கொஞ்சம் தள்ளி உட்காரும்மா' என்பார்களே, அந்தக் கணக்கு.

பன்னிரண்டாவது இதழ் வந்தது 2006-ல். ஹைன்பெர்க் திரும்பி வந்து அடுத்த கதையைத் தொடங்கியது 2010-ல். பெயர் 'சில்ட்ரன்ஸ் க்ரூசேட்'. ஒன்பதே இதழ், முடிய 2012 ஆச்சு. நடுவில் இந்தப் பசங்க எங்கே போனாங்க என்று தெரியணுமா? 'சிவில் வார்' வாங்கு, அதோட துணைக்கதை வாங்கு, இன்னொரு துணைக்கதை வாங்கு. மளிகைக் கடையில் ஷாம்பு கேட்டால் சோப்பும் சேர்த்துத் தலையில் கட்டுவார்களே, அப்படி.

சரி, இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு என்ன கிடைச்சது? அப்புறம் சேர்ந்த ரெண்டு பெண்களில் இன்னொருத்தி கேஸி லாங். ஆன்ட்மேன் ஸ்காட் லாங்கின் மகள். அப்பா செத்த துக்கத்தில், அவர் வழியிலேயே ஹீரோவாக வந்த பதினாலு வயசுப் பொண்ணு. 'சில்ட்ரன்ஸ் க்ரூசேட்'டில் அப்பா உயிரோடு திரும்புகிறார். அதே கதையில் மகள் செத்துப்போகிறாள். ஒரே கதையில், சார்! பழைய ஆள் உள்ளே, புது ஆள் வெளியே. 2014-ல் அவளையும் எழுப்பிக் கூட்டிவந்துட்டாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா எழுதின கை என்ன நினைச்சு எழுதியிருக்கும்?

இவங்களோடு நின்றால் பரவாயில்லை. கமலா கான், ஜெர்சி சிட்டிப் பொண்ணு, 2014-ல் மிஸ் மார்வெலாகத் தனிப் புத்தகத்தோடு வந்தாள். 2020-ல் இருபத்தோரு வயசுக்குக் கீழே எவனும் ஹீரோ வேலை பார்க்கக்கூடாதுன்னு கதைக்குள் ஒரு சட்டம். பெரியவங்க மேற்பார்வை இருந்தா மட்டும் பரவாயில்லையாம். அதுக்குப் பெயரே 'கமலா சட்டம்'. 2023-ல் அவளைக் கொன்றே விட்டார்கள். எங்கே? அவள் புத்தகத்தில்கூட இல்லை, ஸ்பைடர்மேன் புத்தகத்தில்! ரெண்டு மாசத்தில் உயிர் வந்துடுச்சு. அந்த ஸ்பைடர்மேன் யாரு? 1962-ல் பதினைஞ்சு வயசுப் பள்ளிக்கூடப் பையனாக உள்ளே வந்தவர். 1987-ல் கல்யாணம் ஆச்சு. அப்படியே நாலு நரைமுடியோடு வளர விட்டிருக்கலாம். 2007-ல் பிசாசோடு பேரம் பேசவைத்து அந்தக் கல்யாணத்தையே நடக்காததாக்கிட்டாங்க. ஏன்னா, கல்யாணம் ஆனவருக்கு வயசாகிவிடுமாம்!

பதிப்பாளரை மட்டும் திட்டி என்ன பயன்? ஹாக்ஐ திரும்பி வந்தபோது விசிலடித்துப் புத்தகம் வாங்கினவன் யாரு? நான்தான். சின்ன வயசில் பிடிச்ச முகம் அட்டையில் இருந்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகுது. என்ன செய்ய?

ஒண்ணே ஒண்ணு ஆறுதல். அந்த முதல் நாலு பையன்களில் ஹல்க்லிங்குக்கும் விக்கனுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தார்கள், 2020-ல். பதினைஞ்சு வருஷக் காதல். நம்ம மெகா சீரியல்கூட அதுக்குள்ள முடிஞ்சிடும்.

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். ரெண்டு கதைப் புத்தகத்தையும் எடுத்துப்போனவள் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாமா, 2005-ல இவங்களுக்குப் பதினாறுன்னா இப்போ முப்பத்தஞ்சைத் தாண்டியிருக்குமா?"

"இல்லம்மா. இருபதைத் தாண்டியிருந்தா பெருசு."

"ஃபெயிலாக்கி உட்காரவெச்சுட்டாங்களா?"

என்ன பதில் சொல்ல? அவள் விடவில்லை.

"கேஸி செத்தப்புறம் அவங்கப்பா என்ன ஆனாரு?"

"அவருக்கென்ன, 2015-ல தனியா சினிமாவே வந்துச்சு."