பதினோரு பேரா, பத்து விரலா?

1984-ம் வருஷம். அமெரிக்காவில் டென்வர் நகரத்திலிருந்து ஓக்லண்ட் போகும் ரயில். அதிலே ஆஜானுபாகுவான ஒரு மனிதர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஜான் மேடன். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற கால்பந்துக் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக இருந்து, 1977 ஜனவரியில் 'சூப்பர் பௌல்' வெற்றியை வாங்கித் தந்தவர். பிறகு டெலிவிஷனில் ஆட்ட வர்ணனை செய்து வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். எத்தனையோ முரட்டு ஆசாமிகளை மேய்த்த அந்த மனிதருக்கு ஆகாய விமானம் என்றால் மட்டும் குலைநடுக்கம். அதனால்தான் ரயில்!

அவரோடு பேசுவதற்காகவே அதில் ஏறியிருந்தார் ட்ரிப் ஹாக்கின்ஸ். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியை ஆரம்பித்தவர். மேடன் பெயரில் ஒரு கால்பந்து விளையாட்டு தயாரிக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. ஆனால் அந்நாளையக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு சக்தி ஏது? பக்கத்துக்கு ஏழு பேர் போதுமே என்று பார்த்தார்கள். மேடன் அசையவில்லை. பதினோரு பேர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நாலு பேருக்காக நாலு வருஷம் திண்டாடினார்கள். விளையாட்டு வெளிவந்தது 1988-ல்.

இந்த அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை சொற்பம். இரு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், யார் எங்கே ஓடுவது, யாரை யார் மறிப்பது என்று திட்டம் உண்டு. திட்டம் போடுகிற தலை ஒன்று. ஓடி விழுந்து அடிபடுகிற உடம்புகள் வேறு. வீட்டில் டெலிவிஷன் முன்னால் பொத்தான் பலகையும் கையுமாக உட்காருகிற பையனோ, தலையும் உடம்பும் இரண்டுமாக இருக்க வேண்டியிருக்கிறது. சண்டை பிறந்தது இங்கேதான்.

மேடனின் விளையாட்டு ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தபோதே, ஜப்பானியக் கம்பெனியான டெக்மோ 1991-ல் 'டெக்மோ சூப்பர் பௌல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டே பொத்தான், திசைக்கு ஒரு சிலுவைக் கட்டை. யதார்த்தம், கிதார்த்தம் என்று அது அதிகமாக அலட்டிக்கொள்ளவில்லை. அதில் போ ஜாக்ஸன் என்ற ஓட்டக்காரரை யாராலும் பிடிக்க முடியாது! கெட்டிக்காரப் பையன் கையில் கிடைத்தால், அந்த உருவம் மைதானத்தைக் கோணல்மாணலாகச் சுற்றிச் சுற்றி வந்தே ஆட்டத்தின் கால் பகுதி நேரத்தை ஓட்டிவிடும். துரத்துகிறவர்கள் சரம் சரமாகப் பின்னால் ஓடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

நிஜமான போ ஜாக்ஸன் என்ன ஆனார் தெரியுமா? அதே 1991-ம் வருஷம் ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் இடுப்பில் பலத்த காயம்பட்டு, கால்பந்தையே விட்டுவிட்டார். மைதானத்தில் நின்றுபோன கால்கள் டெலிவிஷன் திரையில் அயராமல் ஓடின.

பிற்பாடு மைக்கேல் விக் விஷயத்திலும் இப்படியே. 2003 ஆகஸ்டில் அவர் படத்தை அட்டையில் போட்டு மேடன் விளையாட்டு வந்தது. அதில் அவரைப் பிடிப்பார் இல்லை. அதே மாதம் நிஜ ஆட்டத்தில் அவர் கால் எலும்பு முறிந்தது.

பள்ளிக்கூடத்தில் மார்க் போடுவதுபோல, மேடன் விளையாட்டில் ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரருக்கும் 99-க்கு மார்க் போடுகிறார்கள். வேகத்துக்கு இவ்வளவு, பலத்துக்கு இவ்வளவு, பந்து பிடிப்பதற்கு இவ்வளவு. தங்களுக்கு மார்க் குறைந்துவிட்டதென்று கோடீசுவர ஆட்டக்காரர்களே முறையிடுவது உண்டு! வீட்டுப் பையன் சரியான சமயத்தில் சரியான பொத்தானை அழுத்திப் பந்தை எறிகிறான். பந்தும் நேராகப் போகிறது. ஆனால் பிடிக்கிறவரின் மார்க் என்ன, அவரைச் சுற்றி எத்தனை பேர் என்று உள்ளே தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி ஒரு கணக்கு நடக்கிறது. பந்து நழுவி விழுகிறது. "நான் சரியாய்த்தான் எறிந்தேன்! அவன்தான் பிடிக்கவில்லை!" என்று பையன் கத்துகிறான்.

பையன் சொல்வது நியாயந்தான். ஆனால் இந்த ஓலம் நிஜ மைதானத்திலும் கேட்கிறதல்லவா? ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்ளும் பயிற்சியாளர்கள் எல்லாரும் வேறு என்ன சொல்கிறார்கள்? மேடன் பயிற்சியாளர். திட்டங்களைக் கற்றுக்கொடுக்கவும் சோதித்துப் பார்க்கவும் இந்த விளையாட்டு உதவும் என்பதே அவர் எண்ணம். அவர் கேட்ட யதார்த்தம் பயிற்சியாளரின் யதார்த்தம். சோபாவில் இருப்பவனோ ஆட்டக்காரனின் நியாயம் கேட்கிறான். விரலின் சாமர்த்தியம் ஒன்று, ஆளைத் தெரிந்து வேலை கொடுக்கிற சாமர்த்தியம் ஒன்று. யதார்த்தம் என்று பெயர் வைத்துச் சண்டை போடுவது இந்த இரண்டுந்தான்.

யதார்த்தத்திலும் ஒரு வரம்பு வேண்டும் என்பதற்கு 2005-ல் வந்த பதிப்பே சாட்சி. பந்தை எறிகிற தலைவரின் கண் எங்கே பார்க்கிறது என்று காட்ட, டார்ச் விளக்கு அடித்தாற்போல ஓர் ஒளி வீச்சைப் போட்டார்கள். அதற்கு வெளியே எறிந்தால் பந்து குறி தவறும். பெய்டன் மானிங் போன்ற மேதாவிக்கு வீச்சு அகலம்; சுமாரான ஆசாமிக்குக் கீற்று மாதிரி. யோசனை என்னவோ பிரமாதம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எதிராக ஆடுகிற சிநேகிதனும் அதே திரையைத்தானே பார்க்கிறான்? பந்து எங்கே வரப்போகிறது என்று வெளிச்சம் போட்டுக் காட்டினால் எப்படி? பலருக்கும் அது பிடிக்கவில்லை, மெள்ள மறைந்துவிட்டது.

கடைசியில் 2017-ல் கம்பெனி மூன்று வகை வைத்தது. வெறும் குதூகலத்துக்கு ஒன்று. மார்க்குப்படி, நிஜ விதிப்படி நடக்க ஒன்று. விரல் சாமர்த்தியமே பிரதானமாக ஒன்று. விரல்காரர்களின் வகையில் காயங்களும் அபராதங்களும் குறைவு. தன் பிழையில்லாமல் தோற்கக்கூடாது என்கிறவர்களுக்கு அது சௌகரியமான ஏற்பாடுதான்.

ஆனாலும் காயம் பற்றிய மட்டில் நான் மேடன் கட்சி. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வந்த பதிப்பில், ஒருவன் அடிபட்டு விழுந்தால் ஆம்புலன்ஸ் வண்டி மைதானத்துக்குள் பாய்ந்து வரும். வழியில் நிற்கிற ஆட்டக்காரர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வரும்! நல்ல தமாஷ். பிறகு, நிஜ ஆட்டக்காரர்கள் தலையில் பட்ட அடிகளால் வயதான காலத்தில் நினைவு தடுமாறித் தவித்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 2011-ல் வந்த பதிப்பில் விதி மாறியது. அடிபட்டு மூளை அதிர்ந்த ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் திரும்ப வரவே முடியாது. ஏன் என்று வர்ணனையாளர்கள் எடுத்துச் சொல்வார்கள். குழந்தைகள் இந்த ஆட்டத்தைப் பழகுவதே திரையில்தான். ஆகையால் அங்கேயும் இது இருக்கவேண்டும் என்று 75 வயது மேடன் வாதாடினார்.

2021 டிசம்பரில் மேடன் காலமானார். வருஷத்துக்கு ஒரு பதிப்பு இன்னும் அவர் பெயரிலேயே வருகிறது. பையன் ஜெயிக்கிற சமயத்தில் அவனுடைய 99 மார்க் வீரன் தலையில் அடிபட்டு வெளியே போய் உட்கார்ந்தால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எழுந்து வரமாட்டான். முணுமுணுத்துக்கொண்டே 70 மார்க் ஆசாமியை இறக்கி, மிச்ச ஆட்டத்தை ஆட வேண்டியதுதான்.