நடுவர் கணக்கு

தேசியத் திரைப்பட விருது அறிவிக்கும் நாளில் எங்கள் கோவைக் கல்லூரித் தமிழ்த்துறையில் பஜ்ஜிப் பந்தயம் நடக்கும். படமே பார்க்காமல் நான் ஜெயிப்பேன். பாடகிக்கென்று தனி விருது இருக்கிறது. அதைப் பெண்ணுக்குத் தராமல் முடியாது. பாடலாசிரியர் விருது தமிழுக்கு வந்தால் ஆணுக்குத்தான். 1968இன் படங்களுக்குப் பாடகி சுசீலா, கவிஞர் கண்ணதாசன். 2004இல் ‘ஆட்டோகிராஃப்’ படத்தின் ஒரே பாட்டுக்குப் பாடகி சித்ரா, கவிஞர் பா. விஜய். நா. முத்துக்குமார் இரண்டு முறை. வைரமுத்து ஏழு முறை! எங்கள் ஊர்த் தாமரை ‘வசீகரா’ எழுதியது 2001இல். ஊரே முணுமுணுத்தது, நடுவர்களைத் தவிர.

தரம் பார்த்தோம் என்பார்கள். பார்க்கட்டும். கடைசிச் சுற்றில் பெண்கள் எழுதிய பாட்டு எத்தனை இருந்தன, ஒவ்வொன்றையும் ஏன் கழித்தார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். பஜ்ஜி நானே வாங்கித் தருகிறேன்.