அரிப்பு எங்கிருந்து வருகிறது?

ராத்திரி படுத்ததும் விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கும். பிறகு மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் நாடா இறுகும் இடம். வீட்டில் இன்னொருவரும் சொறிய ஆரம்பித்துவிட்டால் அது பெரும்பாலும் ஸ்கேபிஸ்தான். நம் ஊர்ப் பேச்சில் சொறி சிரங்கு. ‘பூச்சி கடிக்குது டாக்டர்’ என்பார்கள். பூச்சி இருப்பது உண்மை. ஆனால் அந்த அரிப்பை உண்டாக்குவது நம் உடம்பேதான்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி, தோலின் மேலே இருக்கும் செத்த செல் அடுக்கில் சுரங்கம் போட்டுக்கொண்டு போகும். நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். அதன் எச்சில், கழிவு, முட்டை எல்லாமே உடம்புக்கு அந்நியப் புரதங்கள். அவை கீழே கசிந்ததும் எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொள்ள வேண்டும். உடனே விழிப்பதில்லை. எதிர்ப்பின் தொடக்க நடவடிக்கைகளை மட்டுப்படுத்தும் புரதங்களையும் பூச்சி சேர்த்தே சுரக்கிறது. அதனால் முதல்முறை தொற்றும்போது நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர், போருக்குப் போக மறுத்த தன்னார்வலர்களிடம் இதைச் சோதித்தார். (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு எளிதில் சம்மதிக்காது.) முதல்முறை தொற்றியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் தொந்தரவே இல்லை. குணமானபின் மறுபடி தொற்றியபோது ஒரே நாளில் அரிப்பு கிளம்பியது. பூச்சிகளும் முன்புபோல் பெருக முடியவில்லை. முதல் தடவை அறிமுகமான எதிரியை உடம்பு நினைவில் வைத்திருந்தது.

அந்த நினைவைச் சுமப்பவை ‘டி’ செல்கள். அவை கூடி அழற்சியைக் கிளப்புகின்றன. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளும் ஈசினோஃபில் செல்களும் பெருகுகின்றன. உடம்பெங்கும் சிவந்த பருக்கள் தெரிந்தாலும், எண்ணிப் பார்த்தால் சாதாரண நோயாளியிடம் இருப்பவை பத்துப் பதினைந்து பூச்சிகள்தாம். பூச்சியே இல்லாத இடத்திலும் பரு வரும்.

எச்ஐவி தொற்று உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், தளர்ந்த முதியவர்கள் ஆகியோரிடம் கதை வேறு. தோல் செதிள் செதிளாகத் தடித்து, பூச்சிகள் ஆயிரக்கணக்கில், சிலரிடம் லட்சக்கணக்கில் பெருகும். அரிப்போ குறைவாகக்கூட இருக்கலாம். இவர்கள் ரத்தத்தில் ஐஜிஇ மிக அதிகமாகவே இருக்கும், அதனால் பயனில்லை. எதிர்ப்பு எவ்வளவு என்பதைவிட எந்த வகை என்பதுதான் இங்கே முக்கியம்.

அரிப்பு எதிர்ப்பிலிருந்து, அதுவும் தாமதமாக வருகிறது என்பது புரிந்தால் டாக்டர் சொல்வதும் புரியும். ‘எனக்குத்தான் அரிக்கவே இல்லையே, நான் ஏன் தடவணும்?’ என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். அரிப்பு வராத அந்த வாரங்களிலும் அவர் பூச்சியைப் பரப்பலாம். எனவே எல்லாரும் ஒரே நாளில், கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல் பெர்மெத்ரின் களிம்பைத் தடவி, டாக்டர் சொன்ன நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வையை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்ன செய்கிறது? எதிர்ப்பை அடக்கி அரிப்பைக் குறைக்கிறது. பூச்சியைத் தொடுவதே இல்லை. நோய் உருமாறி, டாக்டருக்கே பிடிபடாமல் போகும். சீட்டு இல்லாமல் இதை விற்பதை நிறுத்தியே ஆக வேண்டும்.

பூச்சி செத்தபிறகும் அதன் மிச்சங்கள் தோலில் கிடக்கும்வரை, இரண்டு மூன்று வாரம்கூட அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று நீங்களாகவே தினமும் தடவினால் தோல் இன்னும் எரியும். நான்கு வாரம் தாண்டியும் குறையாவிட்டாலோ, புதிதாகச் சுரங்கத் தடம் தெரிந்தாலோ மறுபடி டாக்டரிடம் போங்கள். சொறிந்த புண்ணில் சீழ் வைத்த குழந்தைக்கு முகம் வீங்கினாலோ, சிறுநீர் பழுப்பாகப் போனாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். அது சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம்.