வார் ஃபைலும் பொட்டல்காட்டு ராக்கெட்டும்

சிவகாசியில் புது ரக ராக்கெட் என்றால் முதலில் ஒரு வெட்டவெளியில் விட்டுப் பார்ப்பார்கள். காலண்டர் பிரஸ்ஸிலும் அப்படித்தான். புரூஃப் பார்க்காமல் ஓட்டினால் ஆறுமுகனுக்கு ஏழாவது முகம் முளைத்துவிடும்!

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதும் தம்பிகளுக்கு அந்தப் பொட்டல்காடுதான் டெஸ்ட் சர்வர். எழுதினதையெல்லாம் கட்டி ஒரே மூட்டையாக்கினால் 'வார்' ஃபைல். (யுத்தம் இல்லை சார், வெறும் ஜிப் மூட்டை.) டாம்கேட் சர்வரில் 'வெப்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் போட்டால் அதுவே அவிழ்த்து ஓடும்.

பல ஆபீஸ்களில் இதை இன்னமும் ஒரே ஒருத்தர் கையால் செய்கிறார். அவர் மச்சினி கல்யாணத்துக்கு சாத்தூர் போனால் எல்லாரும் டீக்கடைக்குப் போகலாம்.

கையால் செய்தால் என்ன குடி முழுகிவிடும்? முழுகியது. 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வியாபாரக் கம்பெனி. எட்டு சர்வரில் புதுப் புரோகிராம் ஏற்றணும். ஏற்றினவர் ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இன்னொரு ஆள் இல்லை. அந்த எட்டாவதில் வருஷக்கணக்காகத் தூங்கிய பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கன்னாபின்னாவென்று ஆர்டர் போட்டது. பதற்றத்தில், ஒழுங்காக இருந்த ஏழிலிருந்தும் புதுசை எடுத்தார்கள். இப்போது எட்டும் பழசு! முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த வருஷம் கம்பெனியே இன்னொன்றோடு இணைந்துபோனது. டிரையல் பேலன்ஸ் ஒரு ரூபாய் இடித்தாலே தூக்கம் வராத பி.காம். காரன் நான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி, தன் கோட் அடிக்கடி மொத்த பில்டையும் கெடுக்கிறதே, சகாக்களிடம் திட்டு வாங்குகிறோமே என்று 2004-ல் ஒரு எடுபிடியைத் தயாரித்தார். பெயர் ஹட்சன். 2011-ல் ஆரக்கிளோடு பெயர்த் தகராறு வந்து ஜென்கின்ஸ் ஆனது. இலவசம். நீங்கள் கிட்டில் கோடைப் போட்டதும் எடுத்து, மேவனை வைத்து மூட்டை கட்டி, சோதனைகளை ஓட்டும். ஒன்று ஃபெயிலானாலும் நின்றுவிடும்படி வைக்கலாம். பாஸானால் டெஸ்ட் சர்வரில் ஏற்றும். ராத்திரி ரெண்டு மணிக்கும் முகம் சுளிக்காது.

அதற்காகப் புத்திசாலி என்று நம்பிவிட வேண்டாம். தப்பான மூட்டையைக் கொடுத்தால் அதையும் பவ்யமாக எட்டு சர்வரிலும் ஏற்றி வைக்கும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மூட்டைக்குள் கட்டாதீர்கள். வெளியே இருந்தால்தான் டெஸ்டில் பாஸான அதே மூட்டை அசல் சர்வருக்கும் போகும். புதுசாகக் கட்டினால் வெடித்துப் பார்த்தது ஒரு ராக்கெட், விற்றது வேறொன்று. இன்னொன்று: டாம்கேட்டை நிறுத்தாமலே ஏற்றிக்கொண்டிருந்தால் பழைய மூட்டையின் மிச்சம் மெமரியில் தங்கலாம். பத்துப் பதினைந்து தடவை தாங்கும். அப்புறம் மேனேஜர் டெமோ காட்டும் நேரமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.