'இடுப்பு வலி'ன்னா உடனே முதுகுக்கு எம்ஆர்ஐயா?

1/ ஆரணி, திருமலை பக்கத்துல இருந்து ஓபிக்கு வர்ற நெசவாளர்கள் பலர் உக்காரும்போதே எம்ஆர்ஐ கவரை நீட்டுறாங்க. "டிஸ்க் விலகிடுச்சு சார், எல்4-எல்5." காலை மடக்கி, திருப்பி யாராவது பாத்தாங்களா? "இல்லையே சார்." இதுக்குப் பேரு வைத்தியமா?

2/ தமிழ்ல கீழ் முதுகும் இடுப்புதான், புட்டமும் இடுப்புதான், தொடை எலும்பு சேர்ற மூட்டும் இடுப்புதான். "ஒரு விரல் வச்சு காட்டுங்க"ன்னு கேக்காம ஸ்கேன் எழுதினா, வலி ஒரு இடம், படம் வேற இடம்.

3/ ஸ்கேன்ல தெரியறதெல்லாம் நோய் இல்ல. முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளை 2015ல தொகுத்து வெளியிட்டாங்க. 50 வயசுல 60% பேருக்கு டிஸ்க் புடைப்பு! வயசானா முடி நரைக்கிற மாதிரிதான்.

4/ தொடை இடுக்குல வலி, சம்மணம் போட முடியல, நொண்டி நடக்கறாங்கன்னா இடுப்பு மூட்டைப் பாருங்க. மல்லாக்க படுக்க வச்சு, முழங்காலை மடக்கி, தொடையை உள்பக்கமா திருப்பணும். ஒரு நிமிஷம். செலவு பூஜ்யம்.

5/ குடிப்பழக்கம், நாள்பட்ட ஸ்டீராய்டு இருந்தா, தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாம செத்துப்போகலாம். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா இருக்கும். அப்போ எம்ஆர்ஐ கட்டாயம் வேணும், ஆனா இடுப்பு மூட்டுக்கு! இந்த வலி சிலருக்கு முழங்கால்லதான் தெரியும்.

6/ முதுகு, இடுப்பு மூட்டு ரெண்டுமே கெட்டிருக்கலாம். 'ஹிப்-ஸ்பைன் சிண்ட்ரோம்'னு 1983லயே ஆஃபியர்ஸ்கியும் மெக்நாபும் எழுதிட்டாங்க. எது வலிக்குக் காரணம்னு தெரியாம கத்தி வச்சா, ஆபரேஷன் முடிஞ்சும் வலி அப்படியே இருக்கும்.

7/ அதனால ஆளை முழுசா பாருங்க. நடை, கால் நீளம், பாதத்துல நாடித்துடிப்பு, உணர்ச்சி, வயிறு. குழித்தறியில எத்தனை மணி நேரம், எந்தக் கால் மிதிக்குதுன்னு கேளுங்க. இளவயசு, காலையில இறுக்கம், நடந்தா குறையுதா? வாத நோயை யோசிங்க. காய்ச்சல், எடை குறையுதா? டிபியை யோசிங்க.

8/ "ஓபி கூட்டத்துல நேரம் எங்க டாக்டர்?" நானும் அதே கூட்டத்துலதான் உக்காந்திருக்கேன். எல்லாருக்கும் எல்லாம் பாக்க முடியாது. நடக்க வச்சு, தொடையைத் திருப்பிப் பாக்க முடியும்.

9/ மக்களே, கால் பலவீனம், மலம் சிறுநீர் கட்டுப்பாடு போறது, உக்காரும் இடம் மரத்துப்போறது: இதெல்லாம் அவசரம், அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மத்தபடி ஸ்கேனுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி, "என்னைத் தொட்டுப் பாத்துட்டு எழுதுங்க டாக்டர்"னு தைரியமா கேளுங்க. அது உங்க உரிமை.